கொடுநகரின் முளைகள்
எதிர்காலப் புனைவும் இளையோர் வாசிப்பும்

எதிர்காலத்தைப் பற்றி எழுதப்படும் நாவலுக்கு, மற்ற நாவல்களுக்கு இல்லாத ஒரு சோதனை உண்டு. அது குறித்துச் சொன்ன ஆண்டு ஒருநாள் வந்தே தீரும். வந்து, கடந்தும் போகும். சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்க ஆண்டுகளில் நிகழும் கதை. எகிப்திய எழுத்தாளர் அஹ்மத் காலித் தவ்ஃபீக் 2008இல் வெளியிட்ட ‘யூடோபியா’ என்னும் அரபு நாவல் 2023ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டது. அந்த ஆண்டுகள் இன்று நமக்குப் பின்னால் இருக்கின்றன. ஜீவா என்றொரு சர்வாதிகாரி இந்தியாவை ஆளவில்லை. எகிப்து தேசம் மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே என இரண்டாகப் பிளந்துவிடவும் இல்லை. சோதிடமாகக் கொண்டால் இவ்விரு நூல்களும் தோற்றுவிட்டன. எனினும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இத்தகைய கதைகளை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பொய்த்துப்போன சோதிடத்தை எவரும் தேடிப் படிப்பதில்லை. ஆகவே அவர்கள் இவற்றில் தேடுவது வேறொன்றாகவே இருத்தல் வேண்டும். அது யாது என்பதையும், அதைத் தேடும் பிள்ளைகளிடம் மூத்தோராகிய நம் பொறுப்பு என்ன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கும்மிடிப்பூண்டியில் கடந்த இரண்டு ஆண்டுகளாக, ஞாயிறு மாலைகளில் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் சிலருடன் நூல்கள் படித்து வருகிறேன். அவர்களுடைய பெற்றோரில் பலர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். பொன்னேரி, பழவேற்காட்டுப் பக்கமிருந்து ரயிலிலும் பேருந்திலும் வரும் பிள்ளைகளும் உண்டு. எந்த நூலைப் படிக்கலாம் என்று நான் கேட்கும் போதெல்லாம் அவர்கள் கைகாட்டுவது, உலகம் ஏதோ ஒரு வகையில் கெட்டுப்போய், அதன் நடுவே தம் வயதொத்த ஒருவர் நிற்கும் கதையையே. இதைக் கேள்வியுற்ற ஜமாஅத் பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தத்துடன் கேட்டார்: “உலகம் கெட்டுப்போற கதைதான் கிடைச்சுதா பாய்? இருக்குற கவலை போதாதா புள்ளைங்களுக்கு?”

அவருடைய கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. அதனுள் மூன்று மறுப்புகள் அடங்கியுள்ளன. இக்கதைகள் பிள்ளைகளின் உள்ளத்தில் நம்பிக்கையின்மையை விதைக்கின்றன என்பது முதலாவது. இறையருளில் நம்பிக்கை இழத்தலைப் பெருங்குறையாகக் கருதும் மரபு நம்முடையது. இவற்றில் கொலையும் கொடுமையும் மலிந்துள்ளன என்பது இரண்டாவது. இவை மேலைநாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டில் வேரில்லாதவை என்பது மூன்றாவது. மூன்றாவதிலிருந்து தொடங்குவது எளிது.

யுடோபியா, டிஸ்டோபியா என்னும் சொற்களை இங்கே நன்னகர், கொடுநகர் என்று வழங்க விரும்புகிறேன். அதற்குக் காரணம் ஃபாராபி. ஹிஜ்ரி 339இல் (கி.பி. 950) டமாஸ்கஸில் மறைந்த இப்பேரறிஞர், ‘அல்மதீனத்துல் ஃபாளிலா’ என்னும் நன்னகரைப் பற்றி எழுதிய நூலில் அதன் எதிர்நகரங்களையும் வரிசைப்படுத்தினார். நன்மை எதுவென்றே அறியாதது ‘ஜாஹிலா’. அறிந்தும் அதன்படி நடவாதது ‘ஃபாஸிகா’. முன்பு நல்லதாக இருந்து பின்னர் மாறிப்போனது ‘முபத்தலா’. பொய்யை மெய்யென நம்பி வழிதவறியது ‘ளால்லா’. அறியா நகரங்களுக்குள்ளும் அவர் உட்பிரிவு காண்கிறார். உணவு, உடை, உறையுள் ஆகிய தேவைகளுக்காக மட்டுமே மனிதர் கூடி உழைக்கும் நகர் ஒன்று, செல்வம் சேர்ப்பதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்ட நகர் ஒன்று, புலனின்பத்துக்கென்றே வாழும் நகர் ஒன்று, புகழுக்கென ஒன்று, பிறரை அடக்கி ஆள்வதற்கென்றே அமைந்த நகர் மற்றொன்று. இன்றைய கொடுநகர்ப் புனைவுகளில் பெரும்பாலானவற்றை இவ்வரிசையில் எங்கேனும் பொருத்திவிடலாம்.

இரத்தம் நுரையீரல் வழியே சுற்றிவருவதை விளக்கிய மருத்துவர் இப்னுந் நஃபீஸ் (மறைவு ஹிஜ்ரி 687, கி.பி. 1288) எழுதிய ‘அர்ரிஸாலத்துல் காமிலிய்யா’ இன்னும் நெருக்கமான முன்னோடி. தீவொன்றில் தன்னந்தனியே தோன்றி வளரும் காமில் என்பவன் தன் பகுத்தறிவின் துணையால் உண்மைகளை ஒவ்வொன்றாக எட்டுகிறான். சமூகத்துக்கு நேரவிருக்கும் பேரழிவையும், இறுதியில் உலகம் முடிவுறும் விதத்தையும் எண்ணி உணர்கிறான். மங்கோலியப் படையெடுப்பின் நிழலில் எழுதப்பட்ட நூல் இது. பக்தாத் வீழ்ந்ததைத் தம் வாழ்நாளில் கண்ட ஒருவர், வரப்போவதைக் கதையாக எழுதினார். எனவே இவ்வகைச் சிந்தனையை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்குவது நம் சொந்த நூலகத்தின் ஓர் அறையைப் பூட்டி வைப்பதாகும்.

இனி, இளையோரை இக்கதைகள் ஏன் ஈர்க்கின்றன என்னும் கேள்விக்கு வருவோம். இதற்கு விடை காணவும் ஃபாராபியின் ஒரு சொல் உதவும். நன்னகரில் அதன் ஒழுங்குக்குப் பொருந்தாமல் தாமாக முளைப்பவர்களை அவர் ‘நவாபித்’ என்றார். பயிருக்கிடையே முளைக்கும் களைகள் என்பது கருத்து. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்தலூஸில் வாழ்ந்த இப்னு பாஜ்ஜா (மறைவு ஹிஜ்ரி 533) அச்சொல்லை எடுத்து அப்படியே தலைகீழாக்கினார். குறையுள்ள நகரில், நகரத்தார் எவரும் ஏற்காத உண்மையொன்றைத் தாமே கண்டடைந்தவர்களே நவாபித் என்றார். நகர் கெட்டிருக்கும்போது களை என்று அழைக்கப்படுவதே நல்ல முளை. அந்தச் சொல்லின் ஒருமை வடிவமான ‘நாபிதா’வுக்கு முளைத்து வரும் இளந்தலைமுறை என்ற பொருளும் அரபு மொழியில் உண்டு என்பது கருதத்தக்கது. ஊரையே எதிர்த்து வெளியேறிய குகைத் தோழர்களைத் திருமறை குறிப்பிடும்போதும் ‘ஃபித்யா’, அதாவது இளைஞர்கள், என்றே குறிப்பிடுகிறது.

பதின்பருவம் என்பது உலகின் ஒழுங்குகள் மழையைப் போலவோ மலையைப் போலவோ இயற்கையாக அமைந்தவை அல்ல, யாரோ ஏற்படுத்தியவை என்று முதன்முதலாகத் தெரியவரும் வயது. பள்ளியின் மணி, தெருவின் எல்லை, யார் வீட்டில் யார் நாற்காலியில் அமரலாம் என்பது வரை அனைத்துக்கும் பின்னால் ஒரு முடிவு இருந்திருக்கிறது, அதை எடுத்தவர் இருந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் மனம் உணர்கிறது. இந்த உணர்வைப் பெரும்பாலான நீதிக்கதைகள் மதிப்பதில்லை. ஒழுங்கு சரியானது, நீ அதற்குள் நல்லவனாக இரு என்று அவை சொல்கின்றன. கொடுநகர்ப் புனைவோ ஒழுங்கையே விசாரணைக்கு உட்படுத்துகிறது. அதன் ஈர்ப்பு இருளில் இல்லை. ‘இது யாரோ அமைத்தது, வேறு விதமாகவும் அமைத்திருக்கலாம்’ என்று ஒரு பெரியவர் வாயால் கேட்பதில் இருக்கிறது. அவ்வகையில் இக்கதைகள் அவநம்பிக்கையை வளர்ப்பதாகச் சொல்வது முழுமையான உண்மையாகாது. மாற்றவே முடியாது என்று நம்புபவனுக்குக் கொடுநகர்க் கதை தேவைப்படாது.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று ‘என் இனிய இயந்திரா’. அந்நாட்டில் பெயர்கள்கூட இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் நிலாவின் கணவன் காணாமல் போகிறான். குடியிருக்க வந்த ரவியுடன் ஜீனோ என்ற இயந்திர நாய் வீட்டுக்குள் நுழைகிறது. நாட்டையே ஆட்டிவைக்கும் ஜீவா வெறும் பிம்பம் என்பது வெளிப்படுகிறது. பிம்பத்தை வீழ்த்தியவர்களோ நிலாவை முன்னிறுத்தித் தாம் பின்னால் நிற்கிறார்கள். ‘மீண்டும் ஜீனோ’ அங்கிருந்து தொடர்கிறது. அதிகாரம் முகம் மாற்றிக்கொள்ளும், தன்மை மாற்றிக்கொள்ளாது என்ற கசப்பான உண்மையைக் கேலியும் விறுவிறுப்பும் கலந்து வார இதழ் வாசகருக்குச் சொன்னது சுஜாதாவின் சாதனை. புத்தகம் படித்துப் படித்தே அறிவு பெறும் இயந்திரத்தைக் கதையின் மிக அன்பான பாத்திரமாக்கியது அதனினும் பெரிய சாதனை.

இந்நூலைப் படித்த வாரம், எங்கள் வட்டத்தில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி வாய் திறந்தாள். “நிலாவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் சார். நான் காலேஜ் போகணும்னா அத்தா, பெரியத்தா, மாமா, நன்னா, நாலு பேரும் சரின்னு சொல்லணும்.” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கத் தயங்கினேன். மூவாயிரம் பக்க அறிவுரை செய்ய முடியாததை அந்தத் தொடர்கதை செய்துவிட்டது. தன் வீட்டு ஒழுங்கை, வெறுப்பில்லாமல், சற்றே தள்ளி நின்று அவளைப் பார்க்க வைத்தது. பெரியவர் அஞ்சிய நம்பிக்கையின்மையை அவள் முகத்தில் நான் காணவில்லை. எண்ணிக்கை பிழையின்றி அவள் கணக்குச் சொன்னாள், அவ்வளவே.

எனினும் அந்நாவலில் ஒரு வெற்றிடம் உண்டு. அந்நகரின் உணவை விளைவிப்பவர் யார், இரும்பை உருக்குபவர் யார், குப்பையை அள்ளுபவர் யார் என்ற கேள்விகளின் பக்கம் கதையின் பார்வை திரும்புவதில்லை. அனைத்தும் எங்கிருந்தோ வந்து சேர்கின்றன. அது நுகர்வோரின் கொடுநகர். தொழிற்பேட்டையில் வளரும் பிள்ளைக்கு நிலாவின் அச்சம் புரியும். ஆனால் அந்நகரில் தன் தந்தை எங்கே நிற்கிறார் என்பது தெரியாது.

அந்த இடத்தை நிரப்பியது சுசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’. சுஜாதா மறைந்ததும், தவ்ஃபீக்கின் நாவல் வெளியானதும், இந்நூல் வெளிவந்ததும் ஒரே ஆண்டில், 2008இல். தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சி ஒன்றையும் இராக் போரின் காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இக்கதைக்கான எண்ணம் தோன்றியதாக அவர் கூறியிருக்கிறார். பானெம் என்ற நாட்டில் ஒரு தலைநகரும் பன்னிரண்டு மாவட்டங்களும் உள்ளன. ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பொருளை விளைவித்துத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். ஒன்று துணி, ஒன்று தானியம், பன்னிரண்டாவது நிலக்கரி. ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் குலுக்கலில் தேர்ந்து, ஒருவரையொருவர் கொல்லும் விளையாட்டுக்கு அனுப்ப வேண்டும். குலுக்கல் எல்லோருக்கும் பொதுவானது போலத் தோன்றும். ஆனால் வீட்டில் பசி என்றால், தானியமும் எண்ணெயும் பெறுவதற்காகப் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக எழுதிப் போடலாம். ஏழையின் பெயர் அதிக முறை இருக்கும். சட்டம் அனைவருக்கும் சமம் என்று சொல்லிக்கொண்டே வறியவன் தலையில் எவ்வாறு விழுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய பாடநூலை நான் கண்டதில்லை. நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற அனுபவமுள்ள எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழில் நாம் ‘மாவட்டம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ரோலிங் மில் தொழிலாளி ஒருவரின் மகன், பதினோராம் வகுப்பு மாணவன், கேட்டான்: “அப்ப நம்ம மாவட்டம் என்ன சார் அனுப்புது?”

அன்று அனைவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோம். தண்ணீர் முதலில் வந்தது. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கமும் இந்த மாவட்டத்து நிலத்தில் அமைந்து சென்னையின் தாகம் தீர்ப்பவை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவுள்ள ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவதை 2010இல் தொடங்கினார்கள். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் போகிறது. தொழிற்பேட்டையிலிருந்து கட்டடக் கம்பியும், சூளைகளிலிருந்து செங்கல்லும், வயல்களிலிருந்து நெல்லும், பழவேற்காட்டிலிருந்து மீனும் இறாலும் நண்டும் போகின்றன. பட்டியலின் எதிர்ப் பக்கத்தில், திரும்பி வருவன என்ன என்று எழுதத் தொடங்கியபோது பிள்ளைகளின் குரல் மாறியது. கொசஸ்தலை ஆற்றில் கலந்த நிலக்கரிச் சாம்பல் என்றான் ஒருவன். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய்ப் படலம் என்றாள் ஒருத்தி. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து எண்ணூர்க் கரையோர மக்கள் வீடுகளை விட்டு ஓடியதை மற்றொருவன் நினைவூட்டினான். அவனுடைய மாமி குடும்பமும் அந்த இரவில் ஓடியவர்களில் ஒன்று.

இங்கே ஒரு விமர்சகன் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். நாவலையும் நாட்டையும் ஒன்றென்று கொள்வது எளிய பிழை. தொழிற்பேட்டை இப்பகுதிக்கு வேலையைத் தந்தது. அந்தப் பையனின் கல்விக் கட்டணமும் அந்த உலையிலிருந்தே வருகிறது. அவனே அதைச் சொன்னான். திருவள்ளூர் மாவட்டம் பானெம் அல்ல. ஆனால் பானெம் என்ற கண்ணாடி இல்லாமல் அந்தப் பட்டியலை அவர்கள் போட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. நல்ல புனைவு உவமையைத் தருகிறது. உவமை எங்கே பொருந்தவில்லை என்று காண்பதும் அதே வாசிப்பின் பயனே.

இவ்வகைப் புனைவின் பெருங்குறை வேறோர் இடத்தில் உள்ளது. தலைநகரின் ஆடம்பரத்தைக் கண்டித்த கதை 2012இல் திரைப்படமாகி உலகச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அழகுசாதன நிறுவனம் ஒன்று அதே தலைநகரின் பெயரால் ஒப்பனைப் பொருள்களை விற்றது. கண்டனமே காட்சிப் பொருளாயிற்று. இது சந்தையின் பிழை என்று கூறி நகர்ந்துவிடலாம். ஆனால் கதைக்குள்ளேயே ஒரு சலுகை இருக்கிறது. படிப்பவர் எவராயினும் தம்மை அம்பேந்திய கதாநாயகியின் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறார். தலைநகரில் பிறந்து வளர்ந்த வாசகரும் தம்மைப் பன்னிரண்டாம் மாவட்டத்தவராகவே எண்ணிக்கொள்கிறார்.

இச்சலுகையின் இரு பக்கங்களையும் அண்மை வரலாறு காட்டியிருக்கிறது. 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு இளைஞர்கள் இக்கதையில் வரும் மூவிரல் வணக்கத்தைத் தெருவில் எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்தினர். அதற்காகக் கைதும் ஆயினர். 2021இல் மியான்மரில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது அங்கும் அதே மூன்று விரல்கள் உயர்ந்தன. பொழுதுபோக்குக் கதை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று துப்பாக்கிக்கு முன்னால் நிற்கும் துணிவுக்கு ஓர் அடையாளம் தந்தது. ஆனால் அதே மியான்மரில், 2017இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டபோது, அவர்களுக்காக உயர்ந்த கைகள் மிகச் சிலவே. 2021க்குப் பின்னர் அந்நாட்டு இளைஞர் பலர், அன்று மௌனமாக இருந்ததற்காக ரோஹிங்கியா மக்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தனர். தான் ஒடுக்கப்படும்போது கொடுநகரை அடையாளம் காண்பது முதல் பாடம். தான் மதிலுக்கு உள்ளே இருக்கும்போது அதை அடையாளம் காண்பது இரண்டாம் பாடம். முதல் பாடத்தைப் பல நாவல்கள் கற்பிக்கின்றன. இரண்டாவதைக் கற்பிப்பவை அரிது.

அந்த அரிய நாவல்களில் ஒன்று தவ்ஃபீக்கின் ‘யூடோபியா’. தாந்தா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த அவர், 1993 முதல் சட்டைப்பையில் அடங்கும் சிறு நூல்களாக அமானுஷ்யக் கதைத் தொடர் எழுதி, ஒரு தலைமுறை அரபுச் சிறாரை வாசகர்களாக்கியவர். 2018 ஏப்ரலில் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்கில் திரண்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். தம்மை நேசித்த அதே இளையோருக்கு அவர் மிகக் கடுமையான கண்ணாடி ஒன்றை நீட்டினார். நாவலில் எகிப்தின் வடகடற்கரையில், அமெரிக்க வீரர்கள் காவல் காக்கும் மதிலுக்குள் செல்வர்கள் வாழ்கின்றனர். வெளியே இருப்பவர்களுக்குப் பெயர் ‘மற்றவர்கள்’. கதை சொல்பவன் மதிலுக்குள் பிறந்த பதின்பருவ இளைஞன். சலிப்பைப் போக்கிக்கொள்ள, தோழியுடன் வெளியே சென்று ‘மற்றவன்’ ஒருவனை வேட்டையாடித் திரும்புவது அவன் திட்டம். சிக்கிக்கொண்ட அவனைக் காப்பவன் ஜாபிர் என்ற ஏழை. படித்தவன், நூல்களை நேசிப்பவன். கைம்மாறாக அந்த இளைஞன் அந்த வீட்டுக்குச் செய்யும் கொடுமையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இந்நூலை நான் மாணவர்களுடன் படிக்கவில்லை. பெரியவரின் இரண்டாம் மறுப்பு இங்கே முழுவதும் பொருந்தும். அதன் சில பக்கங்கள் அந்த வயதுக்கு உரியவை அல்ல. கதையின் எலும்புக்கூட்டை மட்டும் சொன்னேன். வாசகன் வயதொத்த கதாநாயகனைத் தந்து, அவனிடம் நம்மை நெருங்க வைத்து, அவனே குற்றவாளி என்று காட்டுவது தவ்ஃபீக்கின் உத்தி. அவன் படித்தவன், நல்லது எதுவென்று அறிந்தவன். ஃபாராபியின் சொல்லில் அது ஜாஹிலா நகரன்று, ஃபாஸிகா. அறியாமையைக் கல்வி தீர்க்கும். அறிந்தும் நடவாமையை எது தீர்க்கும் என்ற கேள்வியை அந்நாவல் திறந்தே விட்டுச் செல்கிறது. இலக்கியமாக நோக்கினால் அதில் குறைகள் உண்டு. பாத்திரங்கள் பல இடங்களில் கட்டுரை போலப் பேசுகின்றன. பெண்கள் துன்புறுவதற்கே வருகிறார்கள். ஆயினும் அறநோக்கில் அது காலின்ஸைவிட ஒரு படி மேலே நிற்கிறது.

கதையைச் சொல்லி முடித்ததும் எங்கள் பட்டியலுக்கு மூன்றாம் பத்தி ஒன்று சேர்ந்தது. அதைத் தொடங்கியவளும், நான்கு பேர் அனுமதி வேண்டும் என்று சொன்ன அதே மாணவிதான். “செங்கல் நம்ம மாவட்டம் அனுப்புதுன்னு எழுதினோமே சார், அதை அறுக்குறவங்க நம்ம மாவட்டமா?” சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து மண் பிசைபவர்களையும், உருக்காலைகளின் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் பீகார் இளைஞர்களையும் அவள் குறிப்பிட்டாள். கும்மிடிப்பூண்டியில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் இலங்கைத் தமிழர் முகாமை வேறொருவன் சொன்னான். 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது. இந்த மண்ணில் பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்தும், குடியுரிமை இல்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் ஞாயிறு வட்டத்தில் அவர்களில் ஒருவரும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம் இலக்கியத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ் முஸ்லிம் புனைகதை பெரும்பாலும் நினைவின் காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அஞ்சி எதிர்க்கும் முதலாளியின் நிழலில் அடங்கிக் கிடக்கும் மீரானின் கிராமம் உண்மையில் ஒரு கொடுநகரே. அது கடந்த காலத்தில் அமைந்திருப்பதால் நாம் அதை அப்பெயரால் அழைப்பதில்லை. கடந்ததை இவ்வளவு துணிவுடன் விசாரித்த நம் எழுத்து, வரப்போவதை நோக்கித் திரும்பியதில்லை. சாம்பல் படியும் கழிமுகத்தின் கரையில் 2050இல் வாழப்போகும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றித் தமிழில் எழுத வேண்டியவர்கள், பழவேற்காட்டையும் எண்ணூரையும் அறிந்த நம்மவர்களே.

இதற்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1905இல் ருகையா சகாவத் ஹுசைன் என்ற வங்காள முஸ்லிம் பெண்மணி ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதையை ஆங்கிலத்தில் எழுதினார். சூரிய வெப்பத்தைச் சேமித்தும், மேகத்திலிருந்து நீரை இறக்கியும் பெண்கள் நடத்தும் நன்னகர் அது. அங்கே திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆண்கள். அக்கதையை முதலில் அச்சிட்டது நம் சென்னையிலிருந்து வந்த மாதர் இதழ் ஒன்று. ருகையா கனவோடு நின்றுவிடவில்லை. 1911இல் கொல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கி, 1932இல் மறையும்வரை வீடுவீடாகச் சென்று பெற்றோரின் சம்மதம் கேட்டு வாதாடினார். கொடுநகரைக் காட்டும் கதைக்கு நன்னகரைக் காட்டும் கதை துணையாக வேண்டும் என்பதே பெரியவரின் முதல் மறுப்புக்கு நான் தரக்கூடிய விடை. இருளைக் காட்டும் நூல்களைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிப்பதால் நம்பிக்கை பிறக்காது. அவற்றை உடனிருந்து படித்து, அவர்கள் போடும் பட்டியல்களுக்குப் பதில் சொல்ல நாமும் கடமைப்பட்டவர்கள் என்று ஏற்பதால் ஒருவேளை பிறக்கலாம்.

ருகையாவின் கதையைத் தமிழில் எழுதி, சென்ற மாதம் மாணவர்களுக்குப் பிரதி கொடுத்தேன். அந்த மாணவி தன் பிரதியுடன் அடுத்த வாரம் வரவில்லை. அவளுடைய தாயார் தாம் முதலில் படித்துப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாராம். மூன்று வாரங்கள் ஆகின்றன. பிரதி இன்னும் அவரிடமே இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.